முதலில் அந்த அபராத நோட்டை மூடுங்கள்

கேள்வி (சுருக்கப்பட்டது): ராமேஸ்வரத்தில் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் 24 அறை உள்ள லாட்ஜும், கீழே சின்னதாக ஒரு சைவ ஓட்டலும் வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்தது. மொத்தம் 14 பேர் வேலை பார்க்கிறார்கள். பாம்பன் பாலத்தில் ரயில் நின்றிருந்த காலத்தில் வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது கூட்டம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் கூகுளில் வருகிற ரிவ்யூக்களைப் பார்த்தால் தூக்கம் போகிறது. "ஈரத் துணியோடு வந்ததற்குக் கத்தினார்கள்", "எது கேட்டாலும் முதலாளியைக் கேட்கவேண்டும் என்கிறார்கள்", "முகத்தைக் கடுகடுவென்று வைத்திருக்கிறார்கள்" என்று எழுதுகிறார்கள். கேமரா வைத்தேன். வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்து ஒருநாள் வகுப்பு எடுக்க வைத்தேன். "வாடிக்கையாளரே தெய்வம்" என்று பலகை மாட்டினேன். புகார் ஒன்றுக்கு 200 ரூபாய் பிடிக்கிறேன், அதற்குக் கல்லாவில் தனி நோட்டே இருக்கிறது. பலன் இல்லை. ஒரு வருஷத்தில் ஆறு பேர் போய்விட்டார்கள். அப்பா காலத்து வாட்ச்மேன் ஒருவர் புதுப் பையன்கள் முன்னால் என்னைத் "தம்பி" என்று கூப்பிடுகிறார், எனக்கு மரியாதை எங்கே இருக்கும்? சம்பளம் பக்கத்து லாட்ஜுகளைவிடக் குறைவில்லை, சாப்பாடும் தங்க இடமும் தருகிறேன். இவர்களுக்குச் சிரித்த முகத்தோடு நடந்துகொள்ள எப்படிப் பழக்குவது? பெயர் வெளியிடவேண்டாம்.

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், கூடவே நீங்கள் அனுப்பிய ரிவ்யூக்களை நாலைந்து தடவை படித்தேன். நீங்கள் கேட்டதற்கு விடை அந்த ரிவ்யூக்களிலேயே இருக்கிறது. சிரித்த முகத்தைப் பழக்க வழி கேட்கிறீர்கள். அப்படி ஒரு வழி எனக்குத் தெரியாது, 27 வருஷம் லாட்ஜிலும் ஓட்டலிலும் மேனேஜராக இருந்து, இப்போது சின்ன முதலாளிகளுக்கு ஆள் நிர்வாகத்தில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிற எனக்கு அது ஒருநாளும் கைவந்ததில்லை. நான் பார்த்தவரை, ஒரு ரூம் பாய் விருந்தாளியிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பது அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவனிடம் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதனால் முதல் வேலையாக அந்த அபராத நோட்டை மூடுங்கள். ஏன் என்று உங்கள் லாட்ஜை வைத்தே சொல்கிறேன்.

அந்த ஈரத் துணிப் புகாரையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பியதில் மட்டும் ஏழு பேர் அதை எழுதியிருக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, இருந்தாலும் ஒரு தடவை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். வருகிறவர் விடியுமுன் எழுந்து ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு ஓடுகிறார், அப்புறம் அக்னி தீர்த்தத்தில் கடலில் முங்குகிறார், அங்கிருந்து சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் போய் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்கிறார். ஈரத் துணியோடு மூலவரைப் பார்க்க விடமாட்டார்கள், துணி மாற்றியாகவேண்டும். கோயிலுக்குப் பக்கத்தில் அறை எடுத்திருப்பவர் எங்கே வந்து மாற்றுவார்? உங்கள் லாட்ஜுக்குத்தான் வருவார். காலில் கடல் மணல், உடம்பில் ஈரம், கையில் குழந்தை, கூட ஒரு வயதான அம்மா. இது அவர் செய்கிற தப்பு இல்லை, அந்த ஊரில் சாமி கும்பிடுகிற முறையே அதுதான்.

இப்போது மாடிப்படியைத் துடைக்கிற அக்காவின் பக்கம் வாருங்கள். ஐந்தரைக்குத் துடைத்தாயிற்று. ஆறு மணிக்கு ஒரு குடும்பம் ஏறுகிறது, மறுபடி துடைக்கிறார். ஆறேகாலுக்கு ஒரு பஸ் கூட்டம், நாற்பது பேர். தரை ஈரமாக இருந்து யாராவது வழுக்கினால், அல்லது மணல் கிடப்பதாக யாராவது போட்டோ எடுத்துப் போட்டால், 200 ரூபாய் யாருக்குப் போகும்? அவருக்குத்தான். ஏழாவது தடவை துடைத்துவிட்டு நிமிரும்போது எட்டாவதாக ஒருவர் ஈரத்தோடு படியில் கால் வைத்தால் அந்த அக்கா வாயிலிருந்து என்ன வரும்? அந்தக் கத்தலை விலை கொடுத்து வாங்கினவர் நீங்கள். அவருடைய வேலைக்கும் விருந்தாளியின் சௌகரியத்துக்கும் நடுவில் ஒரு சண்டையை மூட்டிவிட்டது அந்த நோட்டு. அதைக் கேமராவில் பார்த்து இன்னொரு 200 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு இல்லை. வாசலில் கால் கழுவ ஒரு குழாய், இரண்டு பெரிய கயிற்று மிதியடி, கீழேயே ஈரத் துணி பிழிய ஒரு இடம், துணி கொண்டுபோக நாலு பிளாஸ்டிக் வாளி. படியில் வழுக்காத பட்டை ஒட்டுங்கள். காலை ஐந்தரையிலிருந்து பத்து வரைக்கும் படிக்கு மட்டும் இன்னொரு ஆள், தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் இரண்டு ஆள். எங்கே என்ன வைக்கலாம் என்று என்னைக் கேட்காதீர்கள், அந்த அக்காவைக் கேளுங்கள், அவருக்கு ஒவ்வொரு படியும் தெரியும். கேட்டு, அவர் சொன்ன இடத்தில் குழாய் வைத்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் அவரே வருகிறவர்களிடம் "இங்கே காலைக் கழுவிட்டு ஏறுங்கம்மா" என்று சொல்ல ஆரம்பிப்பார். நான் இரண்டு இடத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்த 200 ரூபாய். அது தவறு என்பது மட்டும் இல்லை, நீங்கள் பிடிக்கிற விதத்தில் அது சட்டத்துக்கும் பொருந்தாது. சம்பளப் பட்டுவாடாச் சட்டம் 1936இல் வந்தது, இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அபராதத்துக்கு அதே கட்டுப்பாடுகள்தான். எந்தெந்தக் குற்றத்துக்கு அபராதம் என்று அரசின் ஒப்புதல் வாங்கி முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்கவேண்டும், பிடிப்பதற்கு முன்னால் அந்த ஆளிடம் விளக்கம் கேட்கவேண்டும், மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போகக் கூடாது, பிடித்த பணத்தைத் தொழிலாளர்களுக்குப் பயன்படுகிற காரியத்துக்குத்தான் செலவழிக்கவேண்டும். 12,000 ரூபாய் சம்பளக்காரரிடம் மாதம் முழுவதற்கும் 360 ரூபாய்தான் உச்சம். முகம் தெரியாத ஒருவர் கூகுளில் எழுதியதை வைத்து இரண்டு தடவை 200 பிடித்தாலே நீங்கள் தப்பில் நிற்கிறீர்கள். நாளைக்கு ஒரு பையன் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால் உங்களிடம் பதில் இருக்காது.

இதை வெளியே நின்று சொல்லவில்லை. எனக்கு மேனேஜர் வேலை கிடைத்த புதிதில் நானும் இதே மாதிரி ஒரு நோட்டு வைத்திருந்தேன். இந்தக் கடற்கரையில்தான் ஒரு தங்கும் விடுதி, பெயர் வேண்டாம். பாத்திரம் கழுவவும் டேபிள் துடைக்கவும் பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வருவார். அதற்கு முன்னால் தீவுப் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுத்துக்கொண்டிருந்தவர், விரலெல்லாம் தழும்பாக இருக்கும். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒருநாள் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தண்ணீர் கேட்டதற்கு அவர் காதில் விழாத மாதிரி நின்றுகொண்டிருந்தார். நான் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன், நோட்டிலும் எழுதினேன். சாயங்காலம்தான் மாஸ்டர் சொன்னார்: அவர் தம்பி போன படகு முந்தின நாள் ராத்திரி கரை திரும்பவில்லை, இலங்கைக் கடற்படை பிடித்ததா வேறு ஏதாவதா என்று அதுவரைக்கும் தகவல் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் சம்பளம் போகும், அபராதமும் வரும் என்றுதான் வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆளாக நான் இருக்கவில்லை. தம்பி பிறகு திரும்பி வந்தார், ஆனால் அந்த அம்மா அதற்கு அடுத்த மாதமே நின்றுவிட்டார். நான் போய் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று எங்கே ஆள் எடுத்தாலும் பாதிப் பேர் வீட்டில் யாராவது கடலுக்குப் போகிறவர் இருப்பார். புயல் கூண்டு ஏற்றிய நாளில் அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு முதலாளிக்குத் தெரிந்திருக்கவேண்டும். காலையில் ஒரு ஐந்து நிமிஷம், "வீட்டில் எல்லாரும் நல்லா இருக்காங்களா, படகு வந்துருச்சா" என்று கேட்பதற்குக் காசு ஆகாது. கேட்டுவிட்டுப் பதிலையும் கேட்கவேண்டும், அதுதான் முக்கியம்.

சரி, அடுத்தது. உங்கள் ரிவ்யூக்களில் ஒன்று இந்தியில் இருந்தது. நீங்கள் அதைப் படித்தீர்களா என்று தெரியவில்லை, தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்துக்கொண்டேன். "இடம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் முதலாளி பையன்களைத் திட்டுகிற சத்தம் காலையிலேயே கேட்கிறது, எங்களுக்குச் சங்கடமாக இருந்தது" என்று எழுதியிருக்கிறார். உங்கள் கடிதத்திலும் "அவன்", "இவன்", "சொன்னா கேக்கமாட்டேங்கிறானுங்க" என்றே வருகிறது, அதிலிருந்தே எனக்கு ஓரளவு பிடிபட்டது. விருந்தாளி முன்னால் ஒரு பையனை "டேய்" என்று கூப்பிட்டால், அந்த விருந்தாளியும் பத்து நிமிஷத்தில் "டேய், தண்ணி கொண்டாடா" என்பார். அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது நீங்கள். "டேய்" என்று கூப்பிடப்பட்டவன் "இதோ வரேங்க ஐயா" என்று உள்ளத்தோடு சொல்வான் என்று எதிர்பார்க்க முடியாது, நடிப்பான், அல்லது காதில் விழாத மாதிரிப் போவான். வயதில் சின்னவனாக இருந்தால் "தம்பி" என்று கூப்பிடுங்கள், பெரியவராக இருந்தால் "அண்ணே", "அக்கா". வடக்கேயிருந்து வந்த பையன்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அவர்களை "இந்திக்காரப் பசங்க" என்று மொத்தமாகச் சொல்லாமல் ஆளுக்கு ஆள் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ராமேஸ்வரத்துக்கு வருகிற கூட்டத்தில் வடக்கேயிருந்து வருகிறவர்கள் எத்தனை பேர்! இந்தி பேசத் தெரிந்த பையனைப் பின்பக்கம் மாவு பிசைய விட்டுவிட்டு, ரிசப்ஷனில் இந்தி தெரியாதவரை உட்காரவைத்திருந்தால், அவர் விழிப்பதைத்தான் கடுகடுப்பு என்று எழுதுகிறார்கள். அந்தப் பையனை முன்னால் கொண்டுவாருங்கள், அவனிடமிருந்து மற்றவர்கள் இருபது முப்பது வாக்கியம் கற்றுக்கொள்ளட்டும்.

அந்த வாட்ச்மேன் பெரியவர் விஷயத்தில் உங்கள்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம். நீங்கள் அனுப்பிய ரிவ்யூக்களில் நல்லதாக எழுதியிருப்பவை பதினொன்று. அதில் ஐந்தில் அவர் வருகிறார். ஏசி நன்றாக இருந்தது என்று இரண்டு பேர்தான் எழுதியிருக்கிறார்கள். "விடிகாலையில் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்", "அம்மாவைக் கைபிடித்துப் படி ஏற்றினார்", "தனுஷ்கோடிக்கு எப்போது போனால் வெயில் இருக்காது என்று சொன்னார்" என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் பலகையோ ஒருநாள் வகுப்போ அவருக்கு இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. உங்கள் அப்பா அவரை எப்படி நடத்தினார் என்று யோசித்துப் பாருங்கள், எனக்கு அது தெரியாமலே சொல்ல முடிகிறது: அவர் அந்த லாட்ஜைத் தன் வீடு மாதிரி நினைக்கும்படி வைத்திருந்திருக்கிறார். அதனால்தான் உங்களைத் "தம்பி" என்கிறார். அந்த ஒரு சொல்லை அவரிடமிருந்து பிடுங்கினீர்கள் என்றால் அவர் வெறும் சம்பளக்காரர் ஆகிவிடுவார், அடுத்த நாளிலிருந்து எந்த அம்மாவையும் கைபிடித்து ஏற்றமாட்டார். புதுப் பையன்கள் முன்னால் அவரை நீங்கள் "அண்ணே" என்று கூப்பிடுங்கள். உங்கள் மரியாதை குறையாது.

இன்னொன்றும் கேட்கவேண்டும். 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது, புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். இரண்டு வருஷத்துக்கு மேல் ரயில் மண்டபத்தோடு நின்றது. அந்தக் காலத்தில் தீவுக்குள் லாட்ஜ் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், உங்கள் கடன் நிஜம், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷம் உங்களோடு நின்றவர்கள் யார், சம்பளம் தாமதமானபோதும் பொறுத்துக்கொண்டவர்கள் யார்? இப்போது கூட்டம் வந்ததும் அவர்களுக்கு என்ன வந்தது? கேமராவும் அபராதமும்தான் வந்தது என்றால், போன ஆறு பேரில் அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

சாப்பாடும் தங்க இடமும் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் என்ன சாப்பாடு, எப்போது? நிறைய ஓட்டல்களில் நான் பார்த்தது, சப்ளையர் காலை பத்தரைக்கு மிச்சமான ஆறின இட்லியைச் சாப்பிடுவார், மத்தியானம் நாலு மணிக்கு அடிப்பானைச் சோறு. பசித்த வயிற்றோடு மற்றவர்கள் இலைக்கு நெய் ஊற்றுகிறவரின் முகம் எப்படி இருக்கும்? ஆட்களைக் கூட்டம் வருவதற்கு முன்னால் சாப்பிட வையுங்கள், ஏழு மணிக்கு முன்னால் சூடாக இரண்டு இட்லி, பதினொன்றரைக்கு முறைபோட்டுச் சோறு. வாரத்தில் இரண்டு நாளாவது நீங்களும் அதே பானையில் சாப்பிடுங்கள். தங்க இடம் என்றால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலா, படிக்கட்டுக்கு அடியிலா? ராத்திரி பதினொன்றரைக்கு அறை திறந்துவிட்ட பையனையே விடிகாலை ரயிலில் வருகிறவருக்கும் எழுப்பினால் அவன் எப்போது தூங்குவான்? ராத்திரி ஆள் வேறு, விடிகாலை ஆள் வேறு என்று முறை பிரியுங்கள். 14 பேரில் அது முடியும், நான் 11 பேரை வைத்துச் செய்திருக்கிறேன். வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை சட்டத்திலேயே இருக்கிறது, சீசன் என்று சொல்லி அதைத் தின்னாதீர்கள். உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள். 2021இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தையே திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று எழுதவேண்டி வந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு யாரும் முகம் மலரமாட்டார்கள்.

இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. பத்துப் பேருக்கு மேல் ஆள் வைத்திருக்கிறீர்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதற்குள் வருவார்கள், உங்கள் பங்கு நூற்றுக்கு 3.25, அவர்கள் பங்கு 0.75. இதுவரை கட்டவில்லை என்றால் இந்த வாரமே கணக்குப் பார்க்கிறவரிடம் பேசுங்கள். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் உங்களிடமே அட்வான்ஸ் கேட்டு நிற்கிற நிலைமை அவர்களுக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

"எது கேட்டாலும் முதலாளியைக் கேட்கவேண்டும் என்கிறார்கள்" என்ற புகார் இருக்கிறதே, அதில் ஊழியர் மேல் துளியும் குற்றமில்லை. விடிகாலை நாலு மணிக்கு வெந்நீர் வரவில்லை என்று ஒருவர் கீழே வருகிறார். பையனுக்குத் தெரியும், அடுப்பில் ஒரு வாளி சுடவைத்துக் கொடுத்து, ஒரு காபியும் கொடுத்தால் அவர் குளிர்ந்துவிடுவார் என்று. ஆனால் காபிக்குக் கணக்குக் கேட்பீர்கள், கேஸுக்குக் கணக்குக் கேட்பீர்கள், அதனால் "முதலாளி எட்டு மணிக்கு வருவார்" என்கிறான். ரிட்ஸ் கார்ல்டன் என்று ஒரு பெரிய ஓட்டல் நிறுவனம், அங்கே தரை துடைக்கிறவர் உட்பட யாரும் ஒரு விருந்தாளியின் குறையைத் தீர்க்க 2,000 டாலர் வரை மேலே யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம் என்று வைத்திருந்தார்கள், தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. நமக்கு அவ்வளவு வேண்டாம். 300 ரூபாய் வையுங்கள். யாராக இருந்தாலும் 300 ரூபாய்க்குள் தன் மனத்துக்குச் சரி என்று பட்டதைச் செய்யலாம், செய்துவிட்டு ஒரு நோட்டில் எழுதவேண்டும், அவ்வளவுதான். கல்லாவில் அபராத நோட்டு இருந்த இடத்திலேயே இதை வைத்துவிடுங்கள். முதல் மாதம் யாரும் தொடமாட்டார்கள், பயம். யாராவது ஒருவர் முதலில் செலவழிப்பார், அநேகமாகத் தப்பாகவே செலவழிப்பார். அன்றைக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று 14 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதெல்லாம் நான் என் அனுபவத்தில் மட்டும் சொல்வதாக நினைக்கவேண்டாம். ஹார்வர்ட் வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஐந்து பேர் 1994இலேயே இதைச் சங்கிலி மாதிரி கோத்து எழுதினார்கள்: உள்ளே வேலை நடக்கிற விதம் நன்றாக இருந்தால் வேலைக்காரர் திருப்தியாக இருப்பார், திருப்தியான ஆள் நிலைத்து நிற்பார், நிலைத்து நிற்கிறவர் நன்றாகச் செய்வார், வாடிக்கையாளர் திரும்பி வருவார், லாபம் அதற்குப் பின்னால் வரும். நீங்கள் சங்கிலியைக் கடைசி வளையத்தில் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆட்கள் நிற்பதில்லை என்பதில் ஒரு பகுதி இந்தக் கடற்கரையின் இயல்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது படகில் போகிறவர்கள் வேலை கேட்டு வருவார்கள், உங்களுக்கும் கோடை விடுமுறைக் கூட்டம், இரண்டும் பொருந்தும். ஜூன் பாதியில் அவர்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். அதை "ஓடிட்டானுங்க" என்று கணக்கு வைக்காதீர்கள். வரும்போதே இரண்டு மாத வேலை என்று பேசி, நாள் கூலியைச் சரியாகக் கொடுத்து, கடைசி நாளில் ஒரு வேட்டி துண்டோ கொஞ்சம் கூடுதல் பணமோ கையில் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த ஏப்ரலில் வேலை தெரிந்த ஆளாகத் திரும்பி வருவார், புதிதாகப் பழக்கவேண்டியதில்லை.

அப்புறம் அந்தப் பலகை. "வாடிக்கையாளரே தெய்வம்" என்பதைக் கழற்றிவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நல்லவர்கள், களைப்பாக இருப்பார்கள், அவ்வளவுதான். மீதியில் ஒருவர் குடித்துவிட்டு வந்து துடைக்கிற அக்காவிடம் தப்பாகப் பேசும்போது, அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டு அந்த அக்கா என்ன செய்வார்? அந்த நேரத்தில் நீங்கள் அவர் பக்கம் நிற்கவேண்டும், பணத்தைத் திருப்பிக் கொடுத்து அறையைக் காலி செய்யச் சொல்லவேண்டும். ஒரு தடவை அப்படி நின்றால் போதும், அதை உங்கள் ஆட்கள் வருஷக் கணக்கில் மறக்கமாட்டார்கள். அந்த ஒருவர் எழுதும் ஒற்றை நட்சத்திர ரிவ்யூவைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

ஆட்கள் மேல் தப்பே வராதா என்றால், வரும். திருடுகிறவர், பெண்களிடம் வாலாட்டுகிறவர், எத்தனை தடவை சொன்னாலும் பொய் சொல்கிறவர் இருந்தால் கணக்கை முடித்து அனுப்பத்தான் வேண்டும், அதைத் தள்ளிப்போட்டால் நல்ல ஆட்கள்தான் கஷ்டப்படுவார்கள். மற்ற தப்புகளுக்கு உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, "என்ன நடந்தது" என்று முதலில் கேளுங்கள். பாதித் தடவை அதிலேயே வேறு ஒரு கதை வெளியே வரும், குழாய் ஒழுகும், சாவி மாறியிருக்கும், ஒரு ஆள் வராததால் இரண்டு ஆள் வேலையை ஒருவரே பார்த்திருப்பார்.

சிரிப்பைப் பற்றி ஒன்று. நம் ஊர்க்காரர்கள் முன்பின் தெரியாதவரைப் பார்த்துப் பல் காட்டுகிறவர்கள் இல்லை. வெளியூர் வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரி கைகூப்பி, தலை சாய்த்து, "வெல்கம் சார்" என்றால் அவர்களுக்கே கூச்சமாக இருக்கும், பார்க்கிறவருக்கும் ஒட்டாது. "எந்த ஊரு? சாப்பிட்டாச்சா? தீர்த்தமாடியாச்சா? பாட்டிக்குக் கீழ் ரூம் தரவா?" இதுதான் நம்மவர்கள் முகம் கொடுக்கிற விதம். மனம் லேசாக இருந்தால் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தானாக வரும். அந்தப் பெரியவரிடம் அது இன்னும் இருக்கிறது.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள், ஆட்கள் நம்பமாட்டார்கள், "முதலாளிக்கு யாரோ ஏதோ சொல்லியிருக்காங்க, நாலு நாள்ல பழையபடி ஆயிரும்" என்றுதான் பேசிக்கொள்வார்கள். முதலில் வாசல் குழாயும் காலைச் சாப்பாடும். அடுத்த மாதம் முறை பிரிப்பது. அந்த 300 ரூபாய்க் கணக்கு நோட்டு அதற்கு அப்புறம். இந்த மூன்று மாதமும் கேமராவைக் கல்லாவுக்கும் வாசலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ரிவ்யூக்களை உடனே பார்க்காதீர்கள், அது மாற நாளாகும். அதற்கு முன்னால் வேறொன்று மாறும்: யாராவது ஒருவர் நீங்கள் கேட்காமலே வந்து "அந்த 12ஆம் நம்பர் ரூம்ல குழாய் சரியில்ல" என்று சொல்வார். அது நடந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், இந்த மாதச் சம்பள நாளில் செய்யவேண்டிய ஒன்று உண்டு. அந்த நோட்டை எடுத்து, இதுவரைக்கும் யார் யாரிடம் எவ்வளவு பிடித்தீர்கள் என்று கூட்டுங்கள். தனித்தனி உறையில் போட்டு, ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, கையில் கொடுங்கள். போன ஆறு பேரில் யாருடைய போன் நம்பர் இருக்கிறதோ அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.